கம்மாய்க்குள்ள யாரு இருக்கா?

எங்க வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீசை எங்க அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது என் அண்ணன் மகள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ‘நீர்நிலைப் புறம்போக்கு’, ‘ஆக்கிரமணம்’, ‘அப்புறப்படுத்தப்படும்’ என்ற மூன்று சொல்லையும் எழுத்துக்கூட்டி வாசித்தாளாம். 2025 ஆவணி மாதம். அன்றைக்கு நான் திண்டுக்கல்லில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். அம்மா போன் போட்டாள்.

‘ஏத்தா, கம்மாயக் காப்பாத்தணும்னு நீ ஒரு மனுவுல கையெழுத்துப் போட்டேல்ல, அது வந்துருச்சு. மொத மொத நம்ம வீட்டுலதான் ஒட்டிட்டுப் போயிருக்காய்ங்க.’

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. மழை வருது, துணியை எடு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

அந்த மனுவில் என் கையெழுத்து மூன்றாவது. பெயருக்குப் பின்னால் எம்.ஏ. என்று போட்டிருந்தேன். சுற்றுச்சூழல் தோழர்கள் நாலைந்து பேர், புது பிளாட்டுகளில் குடியிருக்கிற வாத்தியார்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிய மனு. ‘கண்மாயிலுள்ள அனைத்து ஆக்கிரமிப்புகளையும் அகற்றுக’ என்று இருந்தது. ‘அனைத்து’ என்ற சொல்லை நான் நம்பினேன். தமிழ் படித்தவள், ஒரு சொல்லை அகராதியை வைத்து நம்பிவிட்டேன். ஆபீசில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். கைக்கு எட்டுகிற வீடு எதுவோ அதுதான் அங்கே ‘அனைத்து’.

கண்மாயின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. யானைமலையைப் பார்த்தாற்போலக் கிடக்கிற கம்மாய்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து மேலூர் ரோட்டில் வந்தால் ஒத்தக்கடை. படுத்த யானை மாதிரி மலை. அதன் அடியில் நரசிங்கம் கோயில், மேலே சமணர் படுக்கை, பக்கத்தில் 1965இல் வந்த விவசாயக் கல்லூரி. ஒரு காலத்தில் ஒற்றைக் கடைதான் இருந்தது, அதனால் இந்தப் பெயர் என்பார்கள். இப்போது எண்ண முடியாத கடை.

எங்க தாத்தா நீர்பாச்சி. மடையைத் திறப்பதும் அடைப்பதும், வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுவதும், மழைக்காலத்தில் ராத்திரி முழுக்கக் கரையைச் சுற்றி வருவதும் அவர் வேலை. ஒரு அடி நிலம் அவருக்கு இல்லை. ஊரார் வயலுக்கெல்லாம் தண்ணீர் காட்டுவார், அறுப்புக்கு அறுப்பு களத்தில் போய் நிற்பார், அவர்கள் அள்ளிப்போடுகிற நெல்தான் கூலி. மடை காக்கிறவன் ஊருக்குள் படுத்தால் ராத்திரி உடைப்பு எடுத்தால் யார் பார்ப்பது? ‘கரையிலேயே ஒரு குச்சுக் கட்டிக்க’ என்று ஊர்தான் சொன்னது. கலுங்கை ஒட்டிக் கட்டிக்கொண்டார். பிறகு சித்தப்பாக்களுக்குக் கல்யாணம் ஆக ஆக வீடுகள் உள்வாய்ப் பக்கம் இறங்கின. சேரியில் இடம் இல்லாதவர்களும் வந்தார்கள். இன்றைக்கு நாற்பது வீடு. வீட்டு வரி ரசீது இருக்கிறது, கரண்டு இருக்கிறது, ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் இருக்கிறது. பட்டா மட்டும் இல்லை.

இதை நான் மறைக்கப்போவதில்லை. நாங்கள் இருக்கிறது கம்மாய்க்குள்தான். ஆனால் நாங்களாகத் தேடிப்போய் இறங்கவில்லை. எங்களை அங்கே வைத்தது வேலை. வேலை போய்விட்டது, நாங்கள் மட்டும் மிச்சம்.

கம்மாயைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை அமுதசுரபி மாதிரி எழுதுகிறார்கள். எங்களுக்கும் கம்மாய் சோறு போட்டிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. வேலை இல்லாத மாதங்களில் எங்க அப்பத்தா நத்தை பொறுக்கி, நண்டு பிடித்து, அல்லிக்கிழங்கு தோண்டித்தான் ஆறு பிள்ளைகளை வளர்த்தது. தண்ணீர் வற்றும்போது ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் கெளுத்தியும் குரவையும் கிடைக்கும். ஆனால் அதே கம்மாயில் எங்களுக்குத் தனித் துறை. ஊர்க்காரர்கள் குளிக்கிற துறைக்குக் கீழே, மாடு குளிப்பாட்டுகிற இடத்துக்கும் கீழே. மடையைத் திறக்கிறவர் எங்க தாத்தா, அந்தத் தண்ணீரை முதலில் தொடுகிற கை அவர் கை. அதே ஆள் மேல்துறையில் இறங்கிக் கால் கழுவ முடியாது. மீன்குத்தகை ஏலத்தில் எங்கள் ஆட்கள் ஓரமாக நின்று பார்க்கலாம், வாயைத் திறந்து கேட்க முடியாது. எதையும் உடைக்காமல் கட்டிக்காக்க வேண்டிய இயற்கை என்று இதைச் சொல்கிறார்கள். இதில் உடைக்க வேண்டியதும் இருந்தது.

எம்.ஏ. படிக்கும்போது புறநானூற்றின் 18ஆம் பாட்டு பாடமாக இருந்தது. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் சொன்னது. நீரைத் தேக்கிவைக்கச் சொல்லி அரசனுக்குப் புத்தி சொல்கிற பாட்டு. தமிழனின் நீர் மேலாண்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று வகுப்பில் பெருமை பொங்கியது. நான் எழுந்து, ‘குளத்த வெட்டுனது யாருங்கய்யா?’ என்று கேட்டேன். ‘அரசன்தாம்மா’ என்றார் பேராசிரியர். எங்கள் யானைமலையில் கி.பி. 770 வாக்கில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்த கல்வெட்டு இருக்கிறது. தொடங்கிய மந்திரி மாறன் காரி, அவன் செத்தபின் முடித்துவைத்த தம்பி மாறன் எயினன், இரண்டு பேர் பெயரும் கல்லில் நிற்கிறது. மலைக்குக் கீழே மண் சுமந்து கரை போட்டவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் நான் பார்க்கவில்லை. மடை திறந்தவனைத்தான் ‘மடையன்’ என்று வசவாக்கிவிட்டார்கள் என்று மேடையில் சொல்வதுண்டு. நானும் கைதட்டலுக்காக ஒன்றிரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். அகராதிப்படி பார்த்தால் அது ‘மடம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, அறியாமை என்று அர்த்தம். மடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் எங்க தாத்தாவை அந்தச் சொல்லால் கூப்பிட்டவர்கள் அகராதி பார்த்துக் கூப்பிடவில்லை.

இனி ஊர் வளர்ந்த கதைக்கு வருகிறேன்.

மதுரையில் குளம் என்று முடிகிற பேட்டைகளைச் சொல்லிப் பாருங்கள். தல்லாகுளம், சொக்கிகுளம், பீபீகுளம். பெயரில் மட்டும் தண்ணீர் இருக்கிறது. தல்லாகுளத்தில் மாநகராட்சியின் அண்ணா மாளிகையே நிற்கிறது. நகரம் கிழக்கே நகர்ந்தது. 1999இல் மாட்டுத்தாவணிக்குப் பஸ் ஸ்டாண்டு வந்தது. 2004 ஜூலை 24ஆம் தேதி ஒத்தக்கடை ரோட்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. அது எழும்பிய இடம் உலகனேரிக் கண்மாய். 2011இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. பிறகு மெட்ரோ ரயில் பேச்சு வந்தது. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர். 2023இல் திட்ட அறிக்கை போனது. 20 லட்சம் ஜனத்தொகை இல்லை என்ற காரணத்தையும் சொல்லி 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. ரயில் வரவில்லை. ஆனால் ரயில் வரும் என்ற பேச்சிலேயே எங்கள் பக்கம் சென்ட் விலை ஏறிவிட்டது. பேச்சு ஓடினால் போதும், நிலம் விற்பதற்கு ரயில் ஓட வேண்டியதில்லை.

ஒரு கம்மாய் எப்படிச் சாகிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். முதலில் யாரும் கம்மாயைத் தொடுவதில்லை. ஆயக்கட்டை விற்கிறார்கள். எங்க தாத்தா தண்ணீர் காட்டிய வயல்கள் ஒவ்வொன்றாகக் கல் ஊன்றி, கலர்க் கொடி கட்டி, நகர் என்று பெயர் வைத்து பிளாட்டானது. விற்றவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை, நிலம் யாரிடம் இருந்ததோ அவர்கள். வயல் போனதும் மடைக்கு வேலை இல்லை. மடைக்கு வேலை இல்லாததும் நீர்பாச்சிக்கு நெல் இல்லை. பாசனம் இல்லாத கம்மாய்க்கு வரத்துக்கால் எதற்கு என்று அதை மூடி ரோடு போட்டார்கள். மறுகால் ஓடையை இரண்டு பக்கமும் நெருக்கி, கடைசியில் ஒரு குழாய் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். மழைத்தண்ணீர் வருகிற வழி அடைந்தது, பிளாட்டுகளின் சாக்கடை வருகிற வழி திறந்தது. ஆகாயத்தாமரை மூடியது. அதற்கப்புறம்தான் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்கள்: ‘கம்மாயா இது, சாக்கடை. கரையில இருக்குறவய்ங்கதான் நாசம் பண்ணிட்டாய்ங்க.’

2024 அக்டோபர் 25ஆம் தேதி மதுரையில் கொட்டிய மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செல்லூரில், பந்தல்குடி வாய்க்கால் ஓரத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பத்திரிகைகள் போட்டன. அந்த மழைக்காலத்தில் எங்கள் பக்கமும் தண்ணீர் ஏறியது. எங்கள் வீட்டில் முழங்கால் வரை. பிளாட்டுகளில் நிறுத்தியிருந்த கார்களுக்குள்ளும் போனது. அம்மா அரிசிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பத்தா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, ‘தண்ணி நம்ம வீட்டுக்கு வரலத்தா, அது வீட்டுக்கு அது வருது’ என்றது. எண்பது வயதுக் கிழவிக்குப் பாசனப் பொறியியல் தெரியாது. ஆனால் தண்ணீருக்கு ஞாபகம் உண்டு என்று தெரியும்.

அந்த மழைக்குப் பிறகுதான் மனு. பிளாட்டுக்காரர்கள் பயந்துபோயிருந்தார்கள். கம்மாய் மேல் அவர்களுக்குப் பாசம் வந்ததே கார் நனைந்த பிறகுதான் என்று நான் கிண்டல் பண்ணலாம். பண்ண மாட்டேன். கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் அவர்கள், பாதிப்பேர் எங்களைப் போலவே முதல் தலைமுறைப் படிப்பாளிகள். கையெழுத்துக் கேட்டு வந்தபோது உண்மையிலேயே சந்தோசமாகப் போட்டேன். கம்மாய் வேண்டும் என்று என்னைவிட யார் சொல்ல முடியும் என்று நினைத்தேன்.

நோட்டீஸ் வந்த பிறகு சட்டங்களைப் படித்தேன். வக்கீல் தோழர் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன், மற்ற ஊர்த் தோழர்களுக்கும் பயன்படும்.

குளம் குட்டைகளை வீட்டுமனையாகக் கொடுக்கக் கூடாது, அவை எல்லோருக்கும் பொது என்று 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2007இல் தமிழ்நாட்டில் குளங்கள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. குளத்தை அளக்க வேண்டும், எல்லைக்கல் நட வேண்டும், பிறகு நோட்டீஸ், பிறகு அகற்றம் என்பது அதன் வரிசை. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் ஊர்ப்பொது நிலத்து ஆக்கிரமிப்புகளை எல்லா மாநிலங்களும் அகற்ற வேண்டும் என்றது. அதே தீர்ப்பில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. நிலமற்ற கூலிகளுக்கோ தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினருக்கோ அரசு ஆணைப்படி குத்தகை கொடுத்திருந்தால், அல்லது அந்த இடத்தில் ஏற்கெனவே பள்ளிக்கூடம், மருந்தகம் மாதிரிப் பொதுப்பயன்பாடு இருந்தால், அதை வரன்முறை செய்யலாம்.

வாசித்ததும் எனக்கு உயிர் வந்தது. ‘அப்ப நமக்கு வழி இருக்கா தோழர்?’ என்றேன். அவர் சிரித்தார். ‘அரசு ஆணைப்படி குடுத்திருந்தா-ன்னு இருக்கு பாருங்க. உங்க தாத்தாவுக்கு யாரு ஆணை போட்டா?’ ஊர் வாயால் சொன்னது. ஊருக்கு வேண்டியபோது வாய் போதும், எங்களுக்கு வேண்டியபோது காகிதம் வேண்டும். காகிதம் வைத்திருக்கிற கட்டடங்கள் பொதுப்பயன்பாடு என்று நிற்கின்றன. உலகனேரிக்குள் நிற்கிற நீதிமன்றத்தில்தான் நீர்நிலை வழக்குகள் நடக்கின்றன. இதை நான் நையாண்டிக்காகச் சொல்லவில்லை, அந்த வளாகத்தில் நானும் நீதி கேட்டு நின்றிருக்கிறேன், இனியும் நிற்பேன். ஆனால் அப்பத்தா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ‘ஐகோர்ட்டும் கம்மாய்க்குள்ளதான இருக்கு. அதுக்கு யாரு நோட்டீசு ஒட்டுவா?’

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஈரநிலங்களுக்கென்றே 2017இல் மத்திய அரசு விதிகள் போட்டது. பாசனத்துக்கென்று மனுசர் கட்டிய நீர்நிலைகளையும் குடிதண்ணீருக்கென்று கட்டியவற்றையும் நெல்வயலையும் ஈரநிலம் என்கிற வரையறையிலிருந்தே அந்த விதிகள் எடுத்துவிட்டன. தமிழ்நாட்டில் 20 ராம்சர் தலங்கள் இருக்கின்றன, வேடந்தாங்கல், சித்திரங்குடி மாதிரிப் பறவைக் கண்மாய்கள் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டன. பட்டியலில் ஏறாத கம்மாய்களை அந்த விதிகள் கண்டுகொள்ளவில்லை. நாரையும் முக்குளிப்பானும் எங்கள் கம்மாய்க்கும் வருகின்றன. அவற்றுக்கு இந்த வரையறை தெரியாது.

நோட்டீசுக்கு அடுத்த வாரம் தோழர்களோடு உட்கார்ந்து பேசினோம். இரண்டு விதமாகப் பேச்சு வந்தது. ஒரு தோழர், ‘ஏழைகளை விட்டுவிடச் சொல்லலாம், நாற்பது வீட்டால் என்ன ஆகிவிடும்’ என்றார். நல்ல மனசு. ஆனால் அந்த நாற்பது வீட்டைக் காட்டித்தான் மண்டபமும் காம்பவுண்டும் தப்பித்துக்கொண்டிருக்கின்றன. ‘அவய்ங்களத் தூக்கு, அப்பறம் நாங்க’ என்று சொல்லிவிட்டுப் பின்னால் நிற்கிறார்கள். எங்கள் வறுமை அவர்களுக்கு மதில்சுவர். இன்னொரு தோழர், ‘இயற்கைக்கு முன்னால் சாதி, வர்க்கம் பார்க்க முடியாது, நீர் எல்லோருக்கும் பொது’ என்றார். அவரிடம் நான் கேட்டேன், ‘பொதுன்னா எந்தத் துறையில இறங்கிக் குளிக்கலாம் தோழர்?’ கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சென்னையில் என்ன நடந்தது என்பது நமக்குப் பாடம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைச் சேரிகளை, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று பெயர்த்துக்கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் அடுக்கினார்கள். பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில். 2022இல் பள்ளிக்கரணை ராம்சர் தலமானது. ஒரு ஈரநிலத்தை மீட்க மக்களைப் பெயர்த்து, இன்னொரு ஈரநிலத்தின் ஓரத்தில் குடிவைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் அங்கேயும் தண்ணீர். வேலைக்குப் போக வேண்டிய நகரமோ பல மைல் தள்ளி. அகற்றப்பட்டது ஆக்கிரமிப்பு இல்லை, ஆட்கள்.

சண்டை போட்டு ஜெயித்த கதைகளும் எங்கள் பக்கம் இருக்கின்றன. 2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கப் போகிறோம் என்றபோது ஊர்கள் திரண்டு நின்றன, திட்டம் போய்விட்டது. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதையும் சேர்த்து 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஜனங்கள் ரோட்டில் இறங்கி நடந்தார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. இரண்டிலும் எங்கள் ஆட்கள் இருந்தார்கள். மலையைக் காக்க ஊரும் சேரியும் சேர்ந்து நிற்க முடிகிறது. மலைக்குக் கீழே இருக்கிற தண்ணீரைப் பங்கு பிரிக்கும்போதுதான் நிற்க முடிவதில்லை. அதே மேலூர் மண்ணில்தான் மேலவளவு இருக்கிறது. ஊராட்சி தனித்தொகுதியானதை, தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்காருவதைப் பொறுக்காமல் 1997 ஜூன் 30ஆம் தேதி தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் பஸ்சை மறித்து வெட்டினார்கள். ஊராட்சி என்றால் ஊர்ப்பொதுச் சொத்து யார் கையில் என்கிற கேள்வியும்தான்.

அண்ணல் அம்பேத்கர் தெருவில் இறங்கி நடத்திய முதல் பெரிய போராட்டமே ஒரு குளத்துக்காகத்தான். 1927 மார்ச் 20, மஹாத், சவுதார் குளம். 1924இலேயே நகராட்சி அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டிருந்தது. காகிதத்தில் திறந்திருந்த குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ள ஆயிரக்கணக்கானோர் நடக்க வேண்டியிருந்தது, அடி வாங்க வேண்டியிருந்தது. அந்த உரிமை நீதிமன்றத்தில் உறுதியாக 1937 ஆனது. நம் ஆட்களுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் மஹாத்தை ஞாபகப்படுத்துங்கள். தண்ணீர் யாருடையது என்று கேட்காமல் தண்ணீரைக் காப்பாற்றுவது பற்றி நாம் பேச முடியாது.

பேசி முடித்த பிறகு ஒரு வேலை செய்தோம். தகவல் உரிமைச் சட்டத்தில் கம்மாயின் புலப்படமும் அ-பதிவேட்டு நகலும் வாங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை எடுத்துக்கொண்டு கம்மாயைச் சுற்றி நடந்தோம். பிளாட்டிலிருந்து இரண்டு வாத்தியார்கள் வந்தார்கள். அப்பத்தாவை ஆட்டோவில் உட்கார வைத்துக்கொண்டோம். படத்தில் கோடு இருந்தது, தரையில் கோடு இல்லை. அப்பத்தாதான் கை காட்டியது. ‘அந்தா, அந்த இலுப்ப மரம் நின்ன எடத்துலதான் வரத்துக்கால் வாயி. உங்க தாத்தா அங்கன நின்னுதான் மொதத் தண்ணிக்குக் கற்பூரம் காட்டுவாரு.’ இலுப்பை மரம் நின்ற இடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்தம். மறுகால் ஓடை போன தடத்தில் ஒரு காம்பவுண்டுச் சுவர். கூட வந்த வாத்தியார் ஒருவர் படத்தையும் தரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், ‘எங்க தெருவும் ஓடைக்குள்ளதாங்க வருது.’ அவருடைய மனைப்பத்திரத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அவருக்கு விற்றவருக்குத் தெரியும்.

வாய் அடைத்த கம்மாய்க்குக் கலுங்குப் பக்கத்து வீட்டை இடித்தால் தண்ணீர் வந்துவிடுமா? வராது. வருகிற வழியையும் போகிற வழியையும் அடைத்தது யாரோ, அவர்களிடமிருந்து தொடங்கினால்தான் வரும்.

இதைச் சொன்னபோது எங்கள் தெரு குதூகலித்தது. ஆனால் நான் அடுத்ததைச் சொன்னேன். வழி திறந்து தண்ணீர் வந்தால், அது எங்கள் வீட்டுக்குள்ளும் வரும். உள்வாயில் இருக்கிறவர்கள் என்றைக்காவது எழுந்துதான் ஆக வேண்டும். என் அண்ணன் என் முகத்தைப் பார்த்துக் கேட்டான், ‘நீ மதுரையில வாடகைக்கு இருக்க. எழுதுவ, பேசுவ, போயிருவ. நான் எங்க போறது?’ அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவன்தான், இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் சொன்னதிலும் இருக்கிறது. இரண்டு நியாயத்தையும் ஒரே வீட்டுக்குள் வைத்துக்கொண்டு சோறு தின்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

மூன்று மாதம் தெருவுக்குள் பேசிப் பேசி ஒரு புது மனு எழுதினோம். முதலில் முழுக் கம்மாயையும் வரத்துக்கால், மறுகாலோடு எல்லோர் முன்னாலும் அளக்க வேண்டும். யார் எவ்வளவு இடத்தில் இருக்கிறார்கள் என்று ஊராட்சி ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்ட வேண்டும், பெரியது மேலே, சிறியது கீழே. அகற்றுவதும் அதே வரிசையில் நடக்க வேண்டும், வழி முதலில், வீடு கடைசியில். உள்வாயில் இருக்கிற நாங்கள் எழுந்துகொள்கிறோம். ஆனால் இதே ஊராட்சிக்குள், மேட்டு நிலத்தில், பெண்கள் பெயரில் பட்டா கொடுத்து, வீடு கட்டி முடித்த பிறகுதான் எழுந்துகொள்வோம். மீன்குத்தகையில் கரையிலிருந்து எழுகிற குடும்பங்களுக்குப் பங்கு வேண்டும். நீர்பாச்சி வேலையை மறுபடி உண்டாக்க வேண்டும், களத்து நெல்லுக்கு இல்லை, மாதச் சம்பளத்துக்கு, எந்தச் சாதிக்காரரும் செய்கிற அரசு வேலையாக. பாசனம் இல்லாவிட்டாலும் மழை பெய்தால் மடையும் கலுங்கும் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்பதை 2024 எல்லோருக்கும் காட்டிவிட்டது.

பிளாட்டுக்காரர்களில் பாதிப்பேர் இதில் கையெழுத்துப் போடவில்லை. ஓடைக்குள் தெரு வருகிறது என்று சொன்ன வாத்தியார் போட்டார். சுற்றுச்சூழல் தோழர்கள் போட்டார்கள், ‘பட்டா’ என்ற இடத்தில் ஒருவருக்குத் தயக்கம் இருந்தது, பிறகு போட்டார். என் அண்ணன் ராத்திரி பத்து மணிக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல், பேனாவை வாங்கிப் போட்டுவிட்டுப் போனான்.

இந்த மனுவில் முதல் ரேகை அப்பத்தாவுடையது. அதற்குக் கீழே அம்மா, எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதியிருக்கிறாள். என் கையெழுத்து கடைசியில் இருக்கிறது. எம்.ஏ. போடவில்லை. ‘அனைத்து’ என்ற சொல்லும் அதில் இல்லை. எது, யாருடையது, எத்தனை சென்ட் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறோம்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். காலையில் ஒத்தக்கடையிலிருந்து எல்லோரும் ஒன்றாகப் பஸ் ஏறுகிறோம். அந்தப் பஸ் உலகனேரியைத் தாண்டித்தான் போகும்.